வெற்றிலை போடாதவருக்கு எப்படி வந்தது?

கேள்வி: டாக்டர், நாங்கள் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 51 வயது. ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். வெற்றிலை, பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் கொடுக்கும் பாக்கைக்கூடப் பையில் போட்டு வந்து அவர் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். போன சித்திரையில் கழுத்தில் வலது பக்கம் நெறி கட்டியது. வலி இல்லை. முதலில் காட்டிய இடத்தில் டி.பி. கட்டியாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். அதிலேயே இரண்டு மாதம் போய்விட்டது. பிறகு திருவனந்தபுரம் கொண்டுபோனோம். டான்சிலில் கேன்சர், கழுத்துக்கு இறங்கியிருக்கிறது என்றார்கள். ரிப்போர்ட்டில் 'பி16 பாசிட்டிவ்' என்று போட்டிருக்கிறது. இது எச்.பி.வி. வைரஸால் வருவது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான அதே வைரஸ் என்று விளக்கினார்கள். 35 நாள் கரண்ட் வைக்க வேண்டுமாம், இடையிடையே மருந்தும் ஏற்ற வேண்டுமாம்.

போனில் தேடிப் பார்த்தேன். உடலுறவால் பரவும் வைரஸ் என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 24 வருடம் கூட வாழ்ந்தவர். அவரிடம் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒருவேளை என்னிடமிருந்தே போயிருக்குமோ என்றும் தோன்றுகிறது. வீட்டில் மகளுக்கு 13, மகனுக்கு 16. பயத்தில் அவருடைய தம்ளரையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்தேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மாமியாருக்கு 74 வயது. 50 வருடமாக வெற்றிலையும் போயிலையும் போடுகிறார். கொழுந்தன் சொல்கிறார், "வெத்தல தொடாத அண்ணனுக்கு வந்திருக்கு, போடுற அம்மை நல்லாத்தான் இருக்கா. எல்லாம் வைரஸ் பண்ணுற வேலை, போயிலையைச் சும்மா பழி சொல்லுகாங்க" என்று. அவரும் பாக்கெட் போயிலை வைக்கிறவர். ஆனால் மாமியார் கொஞ்ச நாளாக மீன் குழம்பு பட்டால் வாய் எரிகிறது என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

- பெயர் வேண்டாம், தக்கலை வட்டாரம்

பதில்: சகோதரி, முதலில் எழுந்து போய் அந்தத் தம்ளரையும் தட்டையும் எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள். மீதியை அப்புறம் படியுங்கள். தம்ளர், தட்டு, துவர்த்து, ஒரே பானைத் தண்ணீர், ஒரே குளிமுறி எதனாலும் இந்தப் புற்று யாருக்கும் வராது. அவரைத் தொடுவதாலும், பக்கத்தில் படுப்பதாலும், அவர் மிச்சம் வைத்த சோற்றைப் பிள்ளைகள் சாப்பிடுவதாலும் வராது. ஏழு வாரச் சிகிச்சைக்குள் நுழையப்போகிற மனிதர் அவர். தன் வீட்டிலேயே தன் பாத்திரம் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் அதற்குள் போகக் கூடாது.

அடுத்து, உங்களைத் தூங்கவிடாத கேள்வி. எச்.பி.வி. என்பது ஒரு வைரஸ் இல்லை, பெரிய குடும்பம். 200க்கு மேற்பட்ட வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். கையில் வரும் மருவும் அந்தக் குடும்பம் செய்வதுதான். புற்று வரை கொண்டுபோகக்கூடியவை சில வகைகள் மட்டுமே. தொண்டையில் அப்படி வருவதில் பெரும்பங்கு எச்.பி.வி. 16 என்ற ஒரே வகைக்கு. வாய்க்குள் அது வருவது பெரும்பாலும் தாம்பத்திய நெருக்கத்தில், வாய்வழி உறவில். ஆழ்ந்த முத்தத்திலும் வரலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவுதான் உண்மை, மறைக்க எதுவும் இல்லை. கல்யாணமான இருவருக்குள் நடக்கக்கூடியதுதான் இது.

மண வாழ்க்கைக்குள் வரும் மனிதர்களில் மிகப் பெரும்பாலானோரை இந்த வைரஸ் வாழ்நாளில் ஒரு முறையாவது தொட்டுவிட்டுப் போகிறது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை, எந்த அடையாளமும் இல்லை. ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. தங்கியது புற்றாக மாற 10, 20, 30 வருடம்கூட ஆகலாம். உங்கள் கணவருக்கு அது 20 வயதில் வந்ததா, 35 வயதில் வந்ததா, உங்களிடமிருந்து வந்ததா, உங்களைக் காண்பதற்கு முன்பே வந்ததா என்று சொல்லும் பரிசோதனை உலகத்தில் எங்கேயும் கிடையாது. என் அறையில் இதே கேள்வியை வாய்திறந்து கேட்ட மனைவிகள் உண்டு. கேட்காமல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு இருந்தவர்கள் அவர்களைவிட அதிகம். எல்லோரிடமும் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: அந்த ரிப்போர்ட் ஒரு கட்டியைப் பற்றியது. உங்கள் 24 வருடத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் உங்களுக்குத் துரோகம் செய்ததற்கு அது சாட்சி ஆகாது. நீங்கள் அவருக்கு நோய் கொடுத்தீர்கள் என்பதற்கும் ஆகாது.

உங்களுக்காக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 30 வயது தாண்டிய பெண்கள் எல்லோரும் செய்ய வேண்டியதுதான். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். சில நிமிட வேலை. கணவரின் நோயைச் சொல்லிக்கொண்டு போக வேண்டியதில்லை. போய்ப் பார்த்துக்கொண்டால் மனதில் ஒரு பாரம் இறங்கும்.

இனி அவருடைய நோய்க்கு வருகிறேன். முட்டத்துக் கடற்கரைப் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள், அலை குடைந்த பொந்துகளோடு இருக்கும். டான்சிலின் மேல்பரப்பும் அப்படித்தான், உள்ளே இறங்கும் குழிகள் நிறைந்தது. குழிகளின் அடியில் தோல் மிக மெல்லியது, அங்கங்கே விட்டுவிட்டு இருக்கும். வெளியிலிருந்து வரும் கிருமிகளை உடம்பு அடையாளம் கண்டுகொள்வதற்காக இயற்கை வைத்திருக்கும் சல்லடை அது. எச்.பி.வி. 16 அதே சல்லடைக் கண்ணுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. அடிநாக்கிலும் இதே போன்ற சதை உண்டு. அதனால்தான் வைரஸால் வரும் புற்று இந்த இரண்டு இடங்களையும் நாடுகிறது. கட்டி குழிக்குள்ளேயே சிறிதாக ஒளிந்திருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது, வலிக்காது. கழுத்தில் நெறி கட்டித்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். உங்கள் கணவருக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான்.

நம் ஊரில் கழுத்தில் நெறி என்றால் டி.பி. நினைவு வருவது இயல்பு, பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் 40 வயது தாண்டியவருக்கு வலியில்லாத நெறி மூன்று வாரத்துக்கு மேல் நின்றால், மாத்திரை தொடங்கும் முன் அதில் ஊசி குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுத் தொண்டையையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்த இரண்டு மாதம் போயிற்று. அதை நினைத்து மருக வேண்டாம். இதைப் படிக்கும் இன்னொரு வீட்டுக்கு அது போகாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

'பி16 பாசிட்டிவ்' என்பதன் கதை இது. நம் ஒவ்வொரு செல்லிலும் பி53 என்றொரு காவல்காரப் புரதம் இருக்கிறது. செல் கெட்டுப்போனால் அதைத் தானாகவே சாகச் செய்வது அதன் வேலை. போயிலை, பாக்கு, புகை இவற்றின் நஞ்சு அந்தக் காவல்காரனை உருவாக்கும் மரபணுவையே சிதைத்துவிடுகிறது. காவல்காரன் முடமாகிவிடுகிறான். எச்.பி.வி. வேறு வழியில் போகிறது. ஈ6 என்ற தன் புரதத்தை அனுப்பி, காவல்காரன் வரவர அழித்துக்கொண்டே இருக்கும். ஈ7 என்ற இன்னொன்று செல் பெருகுவதைத் தடுக்கும் பிரேக்கைப் பிடுங்கிவிடும். பிரேக் போனதும் செல் பதறிப்போய் பி16 என்ற புரதத்தைக் கொட்டுகிறது. சதைத் துணுக்கில் சாயமேற்றி மருத்துவர்கள் பார்த்தது அதைத்தான். ஆக பி16 வைரஸின் காலடித்தடம், வைரஸ் இல்லை. டான்சிலிலும் அடிநாக்கிலும் அதைப் பெரும்பாலும் நம்பலாம் என்றாலும், பி16 பாசிட்டிவ் ஆனவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு வைரஸ் இல்லாமலும் இருக்கிறார்கள். அதே துணுக்கில் வைரஸின் மரபணுவை நேரடியாகப் பார்க்கும் பரிசோதனை கிடைக்குமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பல மரபணுக்கள் சிதைந்து கிடக்கும் போயிலைப் புற்றைப் போல இல்லாமல், இங்கே காவல்காரனைச் செய்யும் மரபணு முழுசாக இருக்கிறது. கரண்ட் வைக்கும்போது இந்தப் புற்று நன்றாகக் கரைவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். 2010இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. முற்றிய நிலையில் இந்த இடத்தில் புற்று வந்தவர்களில், வைரஸ் காரணமாக வந்தவர்களில் மூன்று வருடம் கழித்து 100க்கு 82 பேர் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57 பேர். வித்தியாசம் அவ்வளவு பெரியது என்பதால் 2018 முதல் பி16 பாசிட்டிவ் ஆனவர்களுக்கு நோயின் நிலையைக் கணக்கிடும் முறையையே பிரித்துவிட்டார்கள். முன்பு கழுத்தில் நெறி இறங்கினாலே மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்பார்கள். இப்போது கட்டி சிறிதாக இருந்து, நெறி ஒரே பக்கம் 6 செ.மீ.க்குள் இருந்தால் முதல் நிலை. ஆகவே 'கழுத்துக்கு இறங்கிவிட்டது' என்று கேட்டதும் உங்களுக்கு வந்த திகிலில் பாதியையாவது இறக்கி வைக்கலாம். அவர் புகைக்காதவர் என்பதும் அவர் பக்கம்தான். வைரஸால் வந்த புற்றிலும் புகைப்பவர்களுக்குப் பலன் குறைகிறது என்று அதே ஆய்வு காட்டியது.

நல்ல வகைப் புற்று என்று யாராவது சொன்னால் சிகிச்சையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கமாக ஏற்றும் சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதிலாக லேசான மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில் நோயாளிகள் பிழைத்தது குறைந்துதான் போயிற்று. 35 முறை என்றால் 35 முறை. வாரத்துக்கு ஐந்து நாள் என்பதால் ஏழு வாரம் ஆகும். நடுவில் விட்டுவிட்டு வைத்தால் பலன் குறைந்துவிடும்.

மூன்றாவது வாரத்தில் கஷ்டம் தொடங்கும். தொண்டை புண்ணாகும், எச்சில் கட்டியாகிப் பின் வற்றும், சோறு மண் மாதிரி ருசிக்கும். காரமும் புளியும் ஆகாது. பயறு போட்டுக் குழைத்த கஞ்சி, முட்டை, தயிர், நன்றாக மசித்த நேந்திரம் பழம் என்று இறங்குவதை இறக்குங்கள். எடை குறையக் கூடாது, அதற்காக மூக்குவழிக் குழாய் போடச் சொன்னால் மறுக்காதீர்கள். தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். விழுங்கும் பயிற்சியை வலித்தாலும் விடக் கூடாது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கரண்ட் தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு.

இப்போது உங்கள் கொழுந்தனுக்கு. இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அவருடைய பேச்சுதான். கேட்பதற்கு அது நியாயம் போலவே இருக்கும், அதனால்தான் கவலை.

தம்பி, வாய்ப் புற்று என்று ஒரே பெயரில் நாம் சொல்லும் இடத்தில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. டான்சிலும் அடிநாக்கும் வாய் முடிந்து தொண்டை தொடங்கும் இடம். அமெரிக்காவில் அந்த இடத்தில் வரும் புற்றில் சுமார் 70 சதவீதம் இந்த வைரஸால். நம் நாட்டில் அந்தப் பங்கு அதைவிட மிகக் குறைவு. கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் கீழ்ப்பக்கம், இவைதான் அசலான வாய். அங்கே வரும் புற்றில் வைரஸின் பங்கு உலகம் முழுவதுமே மிகச் சிறியது. நம் மாவட்டத்து வீடுகளில் காலம் காலமாக ஆட்களைக் கொண்டுபோவது இந்த இரண்டாவது நோய். அதைக் கொண்டுவருவது வெற்றிலையும் பாக்கும் போயிலையும் சேர்ந்த முறுக்கான்.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பும் இல்லை, வெளியூரிலிருந்து வந்து நம் மேல் ஏற்றிய பழியும் இல்லை. உலகம் இதைத் தெரிந்துகொண்டதே ஒரு பகுதி நம்மிடமிருந்துதான். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய பென்டால் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்று நோயாளிகளைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதே ஆஸ்பத்திரியில் இருந்த ஓர் என்ற மருத்துவர் 1933இல், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களின் வாய்ப் புற்று பற்றி லான்செட் இதழில் எழுதிய கட்டுரையை இன்றும் உலகம் முழுவதும் எடுத்துக் காட்டுகிறார்கள். அப்போது நம் பகுதி திருவிதாங்கூரில்தான் இருந்தது, தமிழ்நாட்டில்கூட இல்லை. அந்தக் கட்டுரைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார்? கல்குளம், விளவங்கோடு, நாஞ்சில் நாட்டுத் திண்ணைகளிலிருந்து வில்வண்டியிலும் தோளிலும் தூக்கிக்கொண்டுவரப்பட்ட நம் தாத்தாக்களும் பாட்டிகளும்தான். அவர்கள் வாயைத் திறந்து காட்டியதால் தெரிந்த உண்மையை நாமே இன்று பொய் என்று சொல்வது எனக்குத் தாங்கவில்லை.

போயிலை இல்லாத வெற்றிலை பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. பாக்கினால் கன்னச் சதை நாராக இறுகி, வாய் திறக்க முடியாமல் போகும். உங்கள் கொழுந்தன் இன்றைக்குக் கண்ணாடி முன் நின்று தன் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பார்க்கட்டும். போகவில்லை என்றால் பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வரட்டும்.

'போடுற அம்மை நல்லாத்தான் இருக்கா' என்கிறார். மீன் குழம்பு பட்டால் எரிகிறவர் நன்றாக இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக் காலை வெளிச்சத்தில் மாமியாரை முற்றத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கையில் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அவர் வழக்கமாக அடக்கி வைக்கும் பக்கத்துக் கொடுப்பு. பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கன்னத்தை விரலால் விலக்கி, கடைசிப் பல்லுக்குப் பின்னால் வரை பாருங்கள். பிறகு நாக்கை நீட்டச் சொல்லி, துணியால் நுனியைப் பிடித்து இரண்டு ஓரமும் பாருங்கள். நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியையும் பாருங்கள். வெற்றிலைக் கறை துடைத்தால் கொஞ்சமாவது போகும். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுத்துணி மாதிரி சிவந்த திட்டு, விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்படும் இடம், மூன்று வாரம் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். வெள்ளையைவிடச் சிவப்புக்குப் பயப்பட வேண்டும். நீங்கள் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றாலும், எரிச்சல் இருப்பதால் மருத்துவர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996 முதல் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்கள் இதைத்தான் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் சில பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள், மற்ற பஞ்சாயத்துகளை ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டார்கள். 2005இல் முடிவு வந்தது. போயிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாயைப் பார்த்த ஊர்களில் வாய்ப் புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், நம்மைப் போலவே முறுக்கான் போடுகிற மக்களிடம் கிடைத்த உண்மை இது. உங்கள் கணவரின் டான்சில் கட்டியை இப்படி டார்ச்சால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. மாமியாரின் வாயில் ஏதாவது இருந்தால் கண்டுபிடிக்க முடியும்.

அவரை உடனே நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாரா என்பது உங்களுக்குத் தெரியும். 50 வருடத்துத் துணை அந்த வெற்றிலைச் செல்லம். முதலில் இரவில் வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் ஊறுவதுதான் மிக மோசம். அடுத்து போயிலை, அதற்கடுத்து பாக்கு. 74 வயதில் விட்டும் என்ன பயன் என்று கேட்பார். வெள்ளைத் திட்டுகள் பல நேரம் நிறுத்தியதும் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கான தடுப்பூசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வயதை எழுதியிருக்கிறீர்கள். போடலாம், போடுங்கள். எச்.பி.வி. 16, 18 வகைகளுக்கு எதிரான ஊசி அது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2023 முதல் கிடைக்கிறது. 15 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, அதற்கு மேல் மூன்று. மகளுக்கு இப்போதே போட்டால் இரண்டோடு முடியும். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாகப் போடுவதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் பகுதிச் செவிலியரிடம் விசாரியுங்கள். மகனுக்குச் சொந்தச் செலவில்தான் போட வேண்டியிருக்கும். கோஸ்டாரிகாவில் இளம் பெண்களிடம் செய்த ஆய்வில், ஊசி போட்ட நாலு வருடத்துக்குப் பிறகு வாயில் 16, 18 வகைத் தொற்று 93 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் பள்ளியிலேயே போடுகிறார்கள். அப்பாவின் நோய்க்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுப் பிள்ளைகளிடம் விளக்க வேண்டாம். பின்னால் வரக்கூடிய புற்றைத் தடுக்கும் ஊசி என்று மட்டும் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்த நோயை இந்த ஊசி குணப்படுத்தாது, அதனால் உங்கள் கணவருக்கு இப்போது அதில் பயன் இல்லை.

கரண்ட் தொடங்குமுன் பல் பார்ப்பதற்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த வண்டியிலேயே மாமியாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வெற்றிலைக் கறையோடு டாக்டர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டு வரமாட்டேன் என்பார். கறை எங்களுக்குப் பழக்கம்தான் என்று சொல்லுங்கள்.